குளிரும் அவசரமும்

ருமேனியாவில் ஸ்லெனிக் என்ற ஊரில் ஒரு பழைய உப்புச் சுரங்கம் இருக்கிறது. தரைக்கு 200 மீட்டருக்கும் கீழே, உப்பை வெட்டி எடுத்த இடமெல்லாம் பிரம்மாண்டமான மண்டபங்களாக நிற்கின்றன. சுவர், கூரை, தரை எல்லாமே உப்பு. கூரை 50 மீட்டருக்கு மேல் உயரம். வெளியே ஆகஸ்ட் வெயிலானாலும் ஜனவரிப் பனியானாலும் உள்ளே வெப்பநிலை 12 டிகிரியை விட்டு அதிகம் நகராது. காற்றும் அப்படித்தான், அசையாது. உள்ளரங்க மாதிரி விமானங்களுக்கான உலகப் போட்டிகள் இங்கே பலமுறை நடந்ததற்கு இந்த அசையாக் காற்றும் உயர்ந்த கூரையும்தான் காரணம்.

அங்கே பறக்கும் எஃப்1டி வகை விமானத்தைக் கையில் வாங்கவே பயமாக இருக்கும். இறக்கையின் நீளம் 55 சென்டிமீட்டர்; ரப்பரை விட்டுவிட்டால் மொத்த எடை 1.4 கிராம். பால்சா மரச் சீவல்களும், சோப்புக் குமிழியில் ஓடுவதுபோல நிறங்கள் ஓடுமளவுக்கு மெல்லிய பிளாஸ்டிக் படலமும் சேர்ந்ததுதான் அதன் உடம்பு. என்ஜின் என்று இருப்பது 0.4 கிராமுக்கு மிகாத ஒரு ரப்பர் வளையம். அதை முறுக்கி விட்டால் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 சுற்று என்ற நிதானத்தில் திரும்பும். வீட்டு மின்விசிறியை ஒன்றாம் எண்ணில் வைத்தாலும் இதைவிட வேகமாகத்தான் சுற்றும். அந்த நிதானத்திலேயே விமானம் இருபது நிமிடத்துக்கு மேல் காற்றில் நிற்கிறது.

நல்ல போட்டி ரப்பர் ஒரு கிராமுக்குச் சுமார் 10 ஜூல் ஆற்றலைத் திருப்பித் தரும். 0.4 கிராமுக்கு 4 ஜூல். ஒரு கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்க ஆகும் உழைப்பு அது. அதை இருபது நிமிடத்துக்குப் பங்கிட்டால் ஒரு வாட்டில் முந்நூறில் ஒரு பங்கு வருகிறது. இவ்வளவு சிக்கனமான கணக்கில் ரப்பர் எங்கே ஒழுகுகிறது என்பதுதான் எல்லாம். நூற்றுக்கு ஐந்து பங்கு ஒழுகினாலும் முழுசாக ஒரு நிமிடம் போய்விடும். ஒழுகல் எங்கே என்று தேடிப் போனவர்கள் ஒவ்வொரு முறையும் இரண்டு இடங்களில்தான் போய் நின்றார்கள்: ரப்பர் எவ்வளவு சூடாக இருக்கிறது, அதை எவ்வளவு வேகமாக முறுக்கினோம். இரண்டும் வேறு வேறு விஷயங்கள் போலத் தோன்றும். ரப்பருக்குள் இறங்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றே.

அந்த 4 ஜூல் பறப்பதற்கு முன் எங்கே இருந்தது என்ற கேள்வியிலிருந்து தொடங்குவோம். முறுக்கியவரின் கையிலிருந்து வந்து ரப்பருக்குள் தங்கியிருந்தது என்று யாரும் சொல்வார்கள். எஃகு ஸ்பிரிங்குக்கு அது சரியான பதில். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போது உலோகத்தின் அணுக்கள் தங்கள் இடத்திலிருந்து சற்றே விலக்கப்படுகின்றன. ஆற்றல் அந்தப் பிணைப்புகளிலேயே தங்கிவிடுகிறது. ரப்பரில் நடப்பது அது இல்லை.

இதை முதலில் தொட்டுக் கண்டவர் ஜான் கஃப். இங்கிலாந்தின் கெண்டல் நகரத்துக்காரர். சிறு குழந்தையாக இருந்தபோதே அம்மை நோயில் பார்வையை இழந்தவர். பிற்பாடு அணுக்கொள்கையால் புகழ்பெற்ற ஜான் டால்டனுக்கு இளமையில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவரும் இவரே. ஒரு ரப்பர் துண்டை உதடுகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு சட்டென்று இழுத்தார். உதட்டில் சூடு தெரிந்தது. தளர விட்டார், குளிர்ந்தது. 1805இல் வெளியான கட்டுரையில் அவர் இன்னொன்றையும் எழுதினார்: எடை கட்டித் தொங்கவிட்ட ரப்பரைச் சூடாக்கினால் அது நீள்வதில்லை, சுருங்கி எடையை மேலே தூக்குகிறது. கண்ணுள்ளவர்கள் வெறுமனே இழுத்து விளையாடிக்கொண்டிருந்த பொருளில், தொடுவுணர்வை நம்பி வாழ்ந்த ஒருவருக்கு இது அகப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் கழித்து ஜேம்ஸ் ஜூல் இதே விளைவை நுட்பமாக அளந்து 1859இல் வெளியிட்டார். இன்றும் இதற்குக் கஃப்–ஜூல் விளைவு என்றே பெயர்.

நீங்களும் செய்து பார்க்கலாம். அகலமான ரப்பர் பேண்ட் ஒன்று போதும். மேலுதட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு விரைவாக இழுங்கள். இழுத்த நிலையிலேயே அரை நிமிடம் வைத்திருந்து, அந்தச் சூடு ஆறியபின் சட்டென்று தளர்த்துங்கள். இரண்டாவதாக வரும் குளிர்ச்சிதான் இந்த அத்தியாயத்துக்கு முக்கியம்.

ரப்பர் என்பது மிக நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் குவியல். கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும்போது அந்தச் சங்கிலிகள் அங்கங்கே ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. இரண்டு முடிச்சுகளுக்கு நடுவில் இருக்கும் சங்கிலி சும்மா இருப்பதில்லை. வெப்பத்தால் ஓயாமல் நெளிகிறது. கைகோத்து நிற்கும் முப்பது பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் குதித்துக்கொண்டே இருக்கிறது. வரிசையின் இரு முனைகளையும் பிடித்து நேராக இழுத்தால், உங்களை எதிர்த்து இழுக்க எந்தப் பிள்ளையும் நினைக்காது. ஆனாலும் அத்தனை பேரின் குதியலும் சேர்ந்து உங்கள் கையை உள்ளே இழுக்கும். பிள்ளைகள் எவ்வளவுக்கு எவ்வளவு துள்ளுகிறார்களோ அவ்வளவுக்கு இழுவை கூடும். ரப்பரின் இழுவிசை இப்படிப் பிறப்பதுதான். நேராக நிற்பதற்குச் சங்கிலிக்கு ஒரே வழி. சுருண்டு கிடப்பதற்குக் கோடிக்கணக்கான வழிகள். இந்த எண்ணிக்கை வித்தியாசத்தைத்தான் இயற்பியல் என்ட்ரோபி என்கிறது. 1930களில் வெர்னர் கூன், யூஜின் குத், ஹெர்மன் மார்க் ஆகியோர் இதைக் கணிதமாக்கினார்கள்.

இதிலிருந்து வரும் முடிவை முதன்முதலில் படித்த நாளில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். ரப்பரை நிதானமாக முறுக்கும்போது நாம் செலுத்தும் உழைப்பு பெரும்பாலும் அதற்குள் தங்குவதில்லை. வெப்பமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. ஒரு கிராமுக்கு 10 ஜூல், ரப்பரின் வெப்பக் கொள்ளளவு கிராமுக்கு ஏறத்தாழ 1.9 ஜூல் என்று வைத்துக்கொண்டால் சூடு ஆறாமல் இருந்திருக்கக்கூடிய உயர்வு 5 டிகிரி. கஃபின் உதடு உணர்ந்தது இந்த அளவைத்தான். பிறகு ரப்பர் பிரியும்போது தலைகீழாக நடக்கிறது. அது குளிர்கிறது, சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, அந்த வெப்பத்தையே புரொப்பெல்லரின் சுழற்சியாக மாற்றுகிறது. உப்புச் சுரங்கத்தில் விமானத்தைத் தூக்கி நிறுத்துவது பெரும்பாலும் அந்தச் சுரங்கத்துக் காற்றின் 12 டிகிரி வெப்பம்தான். முறுக்கியவர் கொடுத்தது ஒழுங்கு. நேராக்கப்பட்ட சங்கிலிகள் கலைந்து பழையபடி சுருளும்போது அந்த ஒழுங்கு செலவாகிறது. அதற்கு ஈடாகவே வெப்பம் வேலையாக மாற முடிகிறது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி எங்கும் மீறப்படவில்லை.

இழுவிசை வெப்பத்தால் பிறப்பதால், அது கெல்வின் அளவிலான வெப்பநிலைக்கு ஏற்றபடி கூடும், குறையும். சுரங்கத்தின் 12 டிகிரி என்பது 285 கெல்வின். கோடைகாலத்து வெளிக்களத்தில் 35 டிகிரி, அதாவது 308. விகிதம் நூற்றுக்கு 8 கூடுதல். ஒரே ரப்பர், ஒரே நீட்சி என்றால் வெயிலில் அது நூற்றுக்கு எட்டுப் பங்கு வலுவாக இழுக்கும்.

பாடப் புத்தகங்கள் இங்கேயே நிறுத்திவிடுகின்றன. களத்தில் முறுக்குபவர்களோ குளிர்காலக் காலைகளில் இந்த எட்டுப் பங்கை விடப் பெரிய வீழ்ச்சியைக் காண்கிறார்கள். ரப்பர் கட்டையாக இருக்கும், வழக்கமான சுற்றுகளை வாங்காது, வாங்கியதையும் முழுசாகத் திருப்பித் தராது, எதிர்பாராத இடத்தில் அறும். இதற்கு விளக்கம் வேண்டுமானால் இலட்சிய ரப்பரை விட்டுவிட்டு நிஜ ரப்பருக்கு வர வேண்டும்.

முதலில் முறுக்கு என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இழைகளைச் சேர்த்துக் கட்டிய வளையத்தை முறுக்கும்போது ஒவ்வொரு இழையும் தன்னளவில் திருகப்படுவது கொஞ்சம்தான். கயிறு திரிப்பதுபோல இழைகள் ஒன்றையொன்று சுற்றி வளைகின்றன. சுற்றிச் செல்லும் பாதை நேர்ப்பாதையைவிட நீளம் என்பதால் ஒவ்வொரு இழையும் இழுபடுகிறது. ஆக முறுக்கு என்பது வேடம் மாறிய இழுவைதான். அதே எடை ரப்பரைப் பாதி இழைகளாகவும் இரட்டை நீளமாகவும் கட்டினால் ஏறத்தாழ 2.8 மடங்கு சுற்றுகள் வாங்கும். முறுக்குவிசை அதே விகிதத்தில் குறையும். மொத்த ஆற்றல் மாறாது. நீண்டு மெல்லியதாகக் கட்டுவதா, குட்டையாகத் தடியாகக் கட்டுவதா என்பது புரொப்பெல்லருக்கு எது பொருந்தும் என்ற கேள்வி மட்டுமே.

அடுத்தது, இயற்கை ரப்பருக்கே உரிய ஒரு குணம். நன்றாக இழுத்தால் அதன் சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி நின்று படிகங்களாகிவிடுகின்றன. 1925இல் ஜோஹன் காட்ஸ் இழுத்த ரப்பரின் ஊடே எக்ஸ் கதிர்களைச் செலுத்தி இதைக் கண்டார். ரப்பரின் வலு இந்தப் படிகங்களால்தான் வருகிறது. ஒரு விரிசல் தொடங்கினால் அதன் முனையில்தான் இழுவை மிக அதிகம். அங்கேயே படிகங்கள் உருவாகி விரிசலை நிறுத்திவிடும். குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களில் விடியற்காலையில் வெட்டிச் சிரட்டையில் பிடிக்கும் பாலிலிருந்து வரும் அதே மூலக்கூறுதான் போட்டி ரப்பரிலும் இருக்கிறது. செயற்கை ரப்பர்கள் எத்தனையோ வந்தும் இந்த வேலையில் அதை அசைக்க முடியாததற்கு இந்தக் குணமே காரணம்.

ஆனால் படிகங்களுக்கு ஒரு விலை உண்டு. இழுக்கும்போது எந்த நீட்சியில் உருவாகின்றனவோ, தளர்த்தும்போது அதே நீட்சியில் உருகுவதில்லை. அதைவிடக் குறைந்த நீட்சி வரும்வரை பிடிவாதமாக நிற்கின்றன. படிகமாகிப் போன பகுதி நெளிவதில்லை, அதனால் இழுப்பதும் இல்லை. கூடவே சங்கிலிகள் ஒன்றோடொன்று உராய்ந்து நகர்வதற்கும் ஆற்றல் செலவாகிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் முறுக்கும்போது கொடுத்ததற்கும் பிரியும்போது கிடைத்ததற்கும் உள்ள இடைவெளி. குளிரில் படிகங்கள் சீக்கிரம் உருவாகின்றன, தாமதமாக உருகுகின்றன. சங்கிலிகள் மந்தமாக நகர்கின்றன. இடைவெளி விரிகிறது.

மந்தம் என்ற சொல்லில்தான் வேகமும் வந்து சேர்கிறது. ஒரு சங்கிலி புதிய இழுவைக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளக் கொஞ்சம் நேரம் வேண்டும். குளிரில் அந்த நேரம் நீள்கிறது. வேகமாக முறுக்கும்போது நாம் அந்த நேரத்தைத் தருவதே இல்லை. சங்கிலியின் பார்வையில் இரண்டும் ஒன்று: நகர்வதற்குள் அடுத்த இழுப்பு வந்துவிட்டது. 1955இல் வில்லியம்ஸ், லாண்டல், ஃபெர்ரி என்ற மூவர் இந்த உணர்வைச் சமன்பாடாக்கினார்கள். ரப்பர் போன்ற பொருள்களில் வெப்பநிலையைக் குறைப்பதும் வேகத்தைக் கூட்டுவதும் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கும். ஒன்றின் விளைவை மற்றொன்றாகக் கணக்கிடலாம். குளிர்ந்த ரப்பரை நிதானமாக முறுக்குவதும் சூடான ரப்பரைச் சற்று வேகமாக முறுக்குவதும் உராய்வு இழப்பைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்து சேரும். குளிர்ந்த ரப்பரை அவசரமாக முறுக்குவதுதான் இரட்டைத் தவறு. படிகங்களின் கணக்கு முழுவதும் இந்தச் சமன்பாட்டுக்குள் அடங்காது என்றாலும், களத்துக்குப் போகிறவருக்கு நான் ஒரே ஒரு சமன்பாட்டைச் சொல்லிக்கொடுக்கலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

இனி வெளிக்களத்துக்கு வருவோம். 1920களின் இறுதியில் தொடங்கிய வேக்ஃபீல்டு கோப்பை மரபில் வந்தது எஃப்1பி வகை. விமானம் குறைந்தது 200 கிராம் எடை இருக்க வேண்டும். ரப்பர் ஒருகாலத்தில் 80 கிராம் வரை அனுமதிக்கப்பட்டது. விமானங்கள் மேம்பட மேம்படக் குறைத்துக்கொண்டே வந்து இப்போது 30 கிராம், அதுவும் பூசிய எண்ணெயோடு சேர்த்து. 30 கிராமுக்கு 300 ஜூல். இழப்பே இல்லாத உலகத்தில் 230 கிராமை 133 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் ஆற்றல் அது. ரப்பர் ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். எட்டிய உயரத்திலிருந்து மிதந்து இறங்கி, வழக்கமான போட்டிச் சுற்றில் மூன்று நிமிடத்தைத் தொட வேண்டும்.

எஃப்1பி வீரர்கள் முறுக்குவதைப் பார்த்தால் ஒரு சடங்கு போலவே இருக்கும். இருபத்தைந்து முப்பது இழைகளாகச் சேர்த்த ரப்பரை முன்பே சில நிமிடம் இழுத்து நிறுத்திப் பழக்கி, சிலிக்கோன் எண்ணெய் தடவி வைத்திருப்பார்கள். முந்தைய தலைமுறை விளக்கெண்ணெயும், சோப்பும் கிளிசரினும் கலந்த கலவையும் பயன்படுத்தியது. ஒரு முனையைப் பிடிமானத்தில் மாட்டிவிட்டு, பல்சக்கரம் வைத்த முறுக்கும் கைப்பொறியோடு பின்னால் நடந்து ரப்பரை நான்கைந்து மடங்கு இழுக்கிறார்கள். முதல் பாதிச் சுற்றுகள் அந்த நீட்சியிலேயே ஏறுகின்றன. அதன்பிறகு சுற்றிக்கொண்டே மெல்ல முன்னால் நடந்து வருகிறார்கள். கடைசிச் சுற்று ஏறும்போது ரப்பர் தன் கொக்கிக்குரிய நீளத்துக்கு வந்திருக்கும். இழுத்துவிட்டு முறுக்குவதால் எல்லா இழைகளும் சமமாகப் பாரம் ஏற்கின்றன. நிற்கிற இடத்திலேயே முறுக்கினால் வெளிச்சுற்று இழைகள் அதிகம் இழுபட்டு முதலில் அறும்.

தேர்ந்தவர்களின் கை ஒரே சீராகச் சுற்றுவதில்லை. தொடக்கத்தில், படிகங்கள் அதிகம் உருவாகாத நீட்சியில், வேகமாகவே சுற்றுகிறார்கள். அங்கே அவசரத்தால் இழப்பதற்கு அதிகம் இல்லை. கடைசிக் கால்பங்கில் கை தானாகவே தாழ்கிறது. முறுக்குவிசைமானியின் முள் செங்குத்தாக ஏறும் இடம் அது. ஒவ்வொரு சுற்றுக்கும் சங்கிலிகள் தங்கள் இடத்தைக் கண்டுகொள்ள நேரம் கொடுத்தால் இன்னும் சில சுற்றுகள் ஏறும். கொடுக்காவிட்டால் அறுந்த இழைகள் சாட்டையாக வீசும். விமானத்தின் உடற்குழலைக் காப்பாற்ற ரப்பரின் மேல் ஒரு காப்புக் குழாயைச் செருகிக்கொண்டே முறுக்குவது இதனால்தான்.

அப்படியானால் கடைசிவரை எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முறுக்கலாமே என்றால், அதுவும் கூடாது. முறுக்கி நிறுத்திய ரப்பர் அப்படியே இருப்பதில்லை. சங்கிலிகள் சற்று நழுவி இளகி, முறுக்குவிசை இறங்கிக்கொண்டே இருக்கும். இறக்கத்துக்கு ஒரு விசித்திரமான தாளம் உண்டு: முதல் வினாடியிலிருந்து பத்தாவது வினாடி வரை எவ்வளவு இறங்குமோ, பத்தாவதிலிருந்து நூறாவது வரை ஏறத்தாழ அவ்வளவே இறங்கும். வேகமாக முறுக்கியிருந்தால் இதோடு இன்னொன்றும் சேரும். முறுக்கியபோது ஏறிய அந்தச் சில டிகிரிச் சூடு ஆறும்போது முள் இன்னும் கொஞ்சம் கீழே வரும். முறுக்கி முடித்த கணத்தில் முள் காட்டிய எண்ணை நம்பிப் பெருமைப்படுபவர் இதை மறந்துவிடுகிறார்.

எஃப்1பி வீரரின் நிஜமான தவிப்பு இங்கேதான். ரப்பர் தயார், ஆனால் சூடான காற்று மேலெழும் தருணத்தில் விமானத்தை விட வேண்டும். கம்பத்தில் கட்டிய மெல்லிய பளபளப்பு நாடா மேல்நோக்கி ஆடுகிறதா, வெப்பமானியில் ஓரிரு டிகிரி ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார். நல்ல காற்றுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கையிலிருக்கும் ரப்பரைத் தின்கிறது. நீண்ட நேரம் காத்திருந்தபின் அந்த ரப்பரைக் கழற்றி வைத்துவிட்டுப் புதியதை முறுக்கும் முடிவை எடுப்பவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

குளிர் நாட்களில் ரப்பரை மேல்சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருப்பவர்களும், கதகதப்பான பெட்டியில் வைத்திருப்பவர்களும் உண்டு. முப்பது கிராம் தடித்த முறுக்கு, உடற்குழலுக்குள் அடைபட்டிருந்தால், அந்தச் சூட்டைப் பல நிமிடம் காக்கும். ஒரு நிமிடத்துக்குள் பிரிந்து முடியும் என்பதால் காற்றிலிருந்து வெப்பம் வாங்கவும் அதற்கு அவகாசம் இல்லை. தன் சொந்தச் சூட்டைச் செலவழித்தே பறக்கிறது, பறக்கப் பறக்கக் குளிர்கிறது. கையில் கொண்டுபோகும் ஒவ்வொரு டிகிரியும் அங்கே காசு. சுரங்கத்தின் 0.4 கிராம் வளையத்துக்கு இந்த உபாயம் பலிக்காது. மெல்லிய அந்த இழை ஒன்றிரண்டு நிமிடத்திலேயே காற்றின் வெப்பநிலைக்கு இறங்கிவிடும். மீதிப் பறப்பு முழுவதும் 12 டிகிரிதான். அங்கே செய்யக்கூடியது முறுக்கும் கட்டத்தில் மட்டும் ரப்பரைக் கதகதப்பாக வைத்துக்கொண்டு, நிதானமாக முறுக்குவது. சூட்டுக்கும் எல்லை உண்டு. 100 டிகிரியை நெருங்கும்போது இழுவையில் படிகங்களே உருவாகாமல் போய், இயற்கை ரப்பர் தன் வலுவைச் சட்டென்று இழக்கிறது. வெயிலில் திறந்து வைப்பதும் கெடுதல். ஒளியும் ஓசோனும் சங்கிலிகளை அறுத்துவிடும்.

ரப்பரை முறுக்கிப் பறக்கவிடும் வித்தையைத் தொடங்கி வைத்தவர் அல்ஃபோன்ஸ் பெனோ. 1871 ஆகஸ்ட் 18 அன்று பாரிஸின் துய்லரி தோட்டத்தில் அவருடைய 16 கிராம் விமானம் 11 வினாடிகளில் ஏறத்தாழ 40 மீட்டர் பறந்தது. அதில் ரப்பர் மட்டும் 5 கிராம். ஸ்லெனிக் விமானத்தில் இருப்பது அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பறக்கும் நேரமோ நூறு மடங்கு.

அந்தச் சுரங்கத்தில் வீரர் செய்யும் கடைசிக் காரியம் புதிதாகப் பார்ப்பவர்களைத் திகைக்க வைக்கும். பல நிமிடம் பொறுமையாக, அறுந்துவிடுமோ என்ற எல்லைவரை முறுக்கியவர், கைப்பொறியைப் பின்பக்கமாகத் திருப்பிக் கொஞ்சம் சுற்றுகளை அவிழ்த்துவிடுகிறார். மானியின் முள் உச்சியிலிருந்து சரசரவென்று இறங்குகிறது. அந்த உச்சியோடு விட்டால் விமானம் நேரே உப்புக் கூரையில் போய் மோதும். அதோடு அந்த உச்சி எப்படியும் நிலைக்காதது. சங்கிலிகள் இளகுவதிலும் சூடு ஆறுவதிலும் முதலில் கரைவது அதுதான். அவிழ்த்த சுற்றுகளைக் குறித்துக்கொண்டு, வளையத்தைக் கைப்பொறியிலிருந்து எடுத்து விமானத்தின் கொக்கியில் மாட்டுகிறார். மேல்சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, இரண்டு விரல் நுனிகளில் விமானத்தை ஏந்தி, புரொப்பெல்லரை முதலில் விட்டு, பிறகு உடலை விடுகிறார்.